இடுப்பில் இரண்டு விரல்

என் அக்காவை அவள் வேலை செய்யும் தையல் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவர்களுக்கு அவள் 'மீடியம்'. இளையவர்களுக்கு 'மீடியம் அக்கா'. ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் கோட்டு தைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. புது மாடல் எது வந்தாலும் முதலில் மீடியம் சைஸில் ஒன்று தைத்து, அதை அக்காவுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். பதிமூன்று வருடம் அவள் உடம்புதான் அங்கே மீடியமாக இருந்தது.

பார்க்க லேசான வேலை. சாம்பிள் ரூமின் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு மரப்பலகை போட்டிருக்கும். அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். மருந்து அலமாரியின் மேல்தட்டை எட்டுவதுபோலக் கையைத் தூக்க வேண்டும். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோலக் குனிய வேண்டும். உட்கார்ந்து எழ வேண்டும். கடைசியில், அளவு அட்டை வெட்டும் பேட்டர்ன் மாஸ்டர், "விரலை விடும்மா" என்பார். இடுப்புப் பொத்தானுக்குப் பின்னால் அவள் இரண்டு விரல் சிரமமில்லாமல் போய்வந்தால் அளவு சரி. உடனே, கோட்டை எந்தப் பழுப்பு அட்டையை வைத்து வெட்டினார்களோ அந்த அட்டையின் ஓரத்தில் அக்கா கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்து இல்லாத அட்டையைக் கட்டிங்கில் தொட மாட்டார்கள். மற்ற சைஸ்களை எல்லாம் அந்த ஒரு அட்டையிலிருந்தே கணக்குப் போட்டு விரிப்பார்கள், குறுக்குவார்கள். போட்டுப் பார்க்கும் வேலை இல்லாத நேரத்தில் அக்கா அதே அறையில் பொத்தான் தைப்பாள்.

"ஊர்ல பாதி நர்சுங்க என் உடம்பைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியுறாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். அவள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது அது.

அப்பா படுக்கையில் விழுந்தது அதற்குப் பிறகு. மூன்று வருடம் முன்னறையில் கிடந்தார். அக்காதான் பார்த்தாள். நான் அப்போது நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா போனதும் வந்து நான்கு நாள் இருந்துவிட்டு மறுபடி கிளம்பிப் போனேன். போகும்போது அக்கா வாசலில் நின்று கையாட்டினாள். அந்தக் கையாட்டலோடு அவளுக்குள் என்னவோ ஓய்ந்துபோனது என்று பின்னால் அத்தான் சொன்னார்.

அத்தான் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பார். ஒருமுறை வந்தபோது, அக்கா பிரஷ்ஷில் பேஸ்ட்டை வைத்துக்கொண்டு குளியலறை வாசலில் அரைமணி நேரமாக நின்றிருந்தாளாம். பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது. "என்ன யோசனை?" என்று கேட்டதற்கு, "யோசனையெல்லாம் இல்லை" என்றாளாம்.

யோசனை இல்லாத அந்த வெறுமையை அவள் தின்று அடைத்தாள். வேலை முடிந்து வந்ததும் சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றபடியே ரொட்டிப் பாக்கெட்டைக் காலி பண்ணுவாள். ருசிக்காக இல்லை. வாய் அசைந்துகொண்டிருக்கும்வரை வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை, அதற்காக. ஒரு வருடத்தில் பதினொரு கிலோ ஏறியது. அத்தான் கடைசியில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "இது கொஞ்சம் பசியைக் கிளப்பும். பார்த்துக்கலாம்" என்றார். தூக்கம் வந்தது. பல் தேய்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகவில்லை. எடை மட்டும் இன்னும் இரண்டு கிலோ கூடியது.

குறைக்க அவள் படாத பாடு பட்டாள். காலையில் வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரிக்கு ஒன்றுமில்லை என்று நான்கு நாள் இருப்பாள். ஐந்தாம் நாள் ரொட்டி ஜெயிக்கும். ஆறாம் நாள் தன்மேலேயே காறித் துப்பிக்கொள்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அத்தான் அவள் பிறந்தநாளுக்கு ஓர் எடை மெஷின் வாங்கி வந்தார். நல்ல எண்ணத்தில்தான் வாங்கினார். அக்கா ஒரே ஒரு நாள் ஏறினாள். மறுநாள் அதைப் பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

"என் தொழிலே இஞ்ச் டேப்புல ஓடுது. கிலோ எனக்கெதுக்கு" என்றாளாம்.

வீட்டில் தொளதொள நைட்டி, வேலைக்கு எலாஸ்டிக் வைத்த பேன்ட். அதனால் அவள் உடம்பைப் பற்றி அவளிடம் உள்ளதைச் சொல்ல ஒரே ஒரு துணிதான் இருந்தது. அந்த மரப்பலகைமேல் போட்டுப் பார்க்கும் கோட்டு.

ரொம்ப நாளாகப் பழைய மாடல்களே ஓடியதால் அதைப் போட வேண்டி வரவில்லை. ஒரு நாள் அதுவும் சொல்லிவிட்டது. புது மாடல் கோட்டில் இடுப்புப் பொத்தான் எட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துப் போட்டாள். குனிந்தபோது பொத்தான் தெறித்து இஸ்திரி மேஜைக்குக் கீழே ஓடியது. இஸ்திரி போடுகிறவன், "இனிமே லார்ஜ் அக்காதான்" என்றான். சும்மா சொன்னதுதான். அக்காவும் கூடச் சிரித்தாளாம். மறுநாளிலிருந்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. படுக்கையைவிட்டு எழவேயில்லை. நான்காம் நாள் போனாள்.

இந்தப் பொத்தான் விஷயத்தை எனக்குச் சொன்னது சாம்பிள் ரூமில் தைக்கும் ஓர் அம்மா. நிறுத்தாமல் பேசுவதால், துணி ஓரத்தைக் கடகடவென்று அடித்துக்கொண்டே போகும் 'ஓவர்லாக்' மிஷினின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர். "நாலாம் நாள் அவ வந்து நின்னப்போ எனக்கே பேச்சு வரலடி. பார்த்துக்கோ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வீட்டுக்குத் திரும்பி வந்த புதிதில் என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் என்ன பார்க்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நான் வந்த மறுநாள் சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏய், இன்னிக்கு ரெண்டு விரல் இல்லடி. மூணு விரல் போச்சு."

"எங்கே?"

"இடுப்புலதான். கோட்டு போட்டுப் பார்த்தோம்ல. போன மாசம் ரெண்டு. இப்போ மூணு. நான் இளைச்சிருக்கேன். பார்த்தா தெரியலையா?"

பார்த்தால் தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்னவோ வேகமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். ஆனால் நான்கு வருடம் கழித்து வந்திருக்கிறேன், வந்ததும் அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஆமாக்கா. நல்லா இளைச்சிருக்கே" என்றேன்.

"மாத்திரைதான்டி ஊதவைச்சுது. பாதி பாதியா உடைச்சுப் போட்டேன். இளைக்க ஆரம்பிச்சுது. இப்போ மொத்தமா விட்டுட்டேன். அத்தான்கிட்ட சொல்லிடாதே."

சொல்லவில்லை. நான் செய்த தப்பு அது.

அடுத்த மூன்று வாரத்தில் அவள் தூக்கம் போனது. சின்னச் சின்னதுக்கு அழுதாள். குழாயிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் தாங்கவில்லை என்று காதைப் பொத்திக்கொண்டாள். கேட்டால், "உடம்பு இறங்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பாள். கோட்டு லூசாக இருக்கும்வரை அவளுக்கு மற்றதெல்லாம் தூசு.

அப்புறம் ஒரு நாள் முதலாளியம்மா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

மேஜைமேல் ஒரு நர்ஸ் கோட்டு விரித்துக் கிடந்தது. பக்கத்தில் பழுப்பு அட்டை. ஒரு ஆஸ்பத்திரிக்கு முதல் தவணையாக அனுப்பிய நானூற்று இருபது மீடியம் கோட்டும் திரும்பி வந்திருந்தன. அங்கிருந்த தலைமை நர்ஸ் போனில், "எங்க பொண்ணுங்க எல்லாம் மூட்டைக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. நீங்க கோட்டு தைச்சீங்களா, கூடாரம் தைச்சீங்களா?" என்று கேட்டிருந்தார்.

"இது உன் கையெழுத்துதானே?" என்றார் முதலாளியம்மா.

"ஆமாம்மா."

"போட்டுப் பார்த்துத்தான் போட்டியா?"

"போட்டுப் பார்த்தேன்மா. எனக்கு லூசாவே இருந்துச்சு. மாஸ்டர்கிட்டகூடச் சொன்னேன்."

முதலாளியம்மா இஞ்ச் டேப்பை அக்கா பக்கம் தள்ளினார். அக்கா கோட்டின் இடுப்பில் டேப்பை வைத்தாள். மீடியத்துக்கு முப்பத்துநான்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். டேப் முப்பத்தொன்பதில் நின்றது. மறுபடி அளந்தாள். மறுபடியும் முப்பத்தொன்பது. கணக்கு அவளுக்குத் தெரியும். ஐந்து இஞ்சு கூட இருக்கிற கோட்டில் மூன்று விரல் போகிறது என்றால் உள்ளே இருக்கிற இடுப்பு எவ்வளவு என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இளைக்கவே இல்லையா" என்று மட்டும் கேட்டாளாம். முதலாளியம்மாவைப் பார்த்து இல்லை. கோட்டைப் பார்த்து.

அப்போதுதான் மாஸ்டர் உள்ளே வந்தார். கண் புரை ஆபரேஷன் முடிந்து அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கறுப்புக் கண்ணாடி.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. நான் பண்ணினது" என்றார்.

அவர் பண்ணியது இதுதான். அக்கா மூன்று நாள் வராமல் இருந்து வந்த அந்த நாளிலிருந்து, ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு அட்டை வெட்டினார். ஒன்று நிஜ மீடியம். இன்னொன்று அக்காவுக்காக, பக்கத் தையலில் இடம் கூட்டி. பெரிய அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு பொட்டு வைப்பார். அதில் வெட்டிய கோட்டைத்தான் அக்கா போட்டுப் பார்ப்பாள். கையெழுத்துக்கு நீட்டுவது நிஜ அட்டையை. பொட்டு வைத்ததை அன்றைக்கே கிழித்துப்போடுவார். நிஜ மீடியத்தைத் தன் முப்பது வருடக் கண்ணளவிலேயே சரிபார்த்துக்கொண்டார். நான்கு மாதம் ஒரு பிசகு இல்லை. ஆபரேஷனுக்குப் போவதற்கு முந்தைய நாள், புரை மூடிய கண்ணுக்கு அந்தப் பென்சில் பொட்டு தெரியவில்லை. நிஜ அட்டையைக் கிழித்துவிட்டு மற்றதை நீட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து இருந்தது, கட்டிங்கில் வெட்டினார்கள்.

அக்கா சாம்பிள் ரூமுக்குத் திரும்பி நடந்தாள். மாஸ்டர் பின்னாலேயே வந்தார். உள்ளே எல்லா மிஷினும் நின்றுபோயின.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?" என்று அக்கா பொதுவாகக் கேட்டாள்.

ஓவர்லாக் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நூலை அறுத்தார்.

"நாலு மாசமா நான் இந்தப் பலகைமேல ஏறி நின்னு பல்லைக் காட்டினேன். நீங்க அஞ்சு பேரும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"இல்லம்மா," என்றார் மாஸ்டர், "யாரும் உன்னைக் கேலியா..."

"கேலி பண்ணியிருந்தா பரவாயில்லை மாஸ்டர். இஸ்திரிக்காரன் பண்ணினான், நான் படுத்தேன், எழுந்து வந்தேன். நீங்க ஏன் என்னை முட்டாளாக்குனீங்க?"

மாஸ்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"நாலாம் நாள் நீ வந்து நின்னப்போ உன் மூஞ்சியைப் பார்த்தேன். அந்த மூஞ்சியை என் தங்கச்சிகிட்ட ஒரு தடவை பார்த்திருக்கேன். அதுக்கப்புறம் அவளை நான் உசுரோட பார்க்கலை. எனக்குத் தெரிஞ்சது துணிதான்மா. தையலைப் பிரிச்சுவிட்டா நீ நாளைக்கும் வருவேன்னு நினைச்சேன். வந்தே."

அக்கா மெதுவாகத்தான் சொன்னாள்.

"உங்க கோட்டை நம்பி நான் மாத்திரையை விட்டுட்டேன் மாஸ்டர். தூங்கி மூணு வாரமாச்சு. நேத்து மாடியில துணி காயப்போடப் போனேன். கைப்பிடிச்சுவர்கிட்ட எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியாது."

மாஸ்டர் பக்கத்தில் இருந்த ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

ஓவர்லாக் அம்மா எனக்குப் போன் பண்ணினார். பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குக் கூட்டி வந்ததும் அக்கா சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். அத்தானுக்குப் போன் போட்டு, எதையும் பூசி மெழுகாமல், நான் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "லாரியை வேற ஆள்கிட்ட விட்டுட்டு வர்றேன். நீ அவளைவிட்டு நகராதே" என்றார்.

நகரவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாக டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். அத்தான் வழியிலிருந்தே வந்து சேர்ந்துகொண்டார். அக்கா எல்லாவற்றையும் அவளே சொன்னாள். பாதி மாத்திரை, முழுசாக விட்டது, கைப்பிடிச்சுவர். நடுவில் அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா மனசு முன்னைவிட மோசமாப் போகும். தப்பு உங்க மேல இல்லை. எடையைப் பத்தி நீங்க பயந்தது எனக்குத் தெரிஞ்சிருக்கணும், நான் கேக்கலை" என்றார். பசியை அவ்வளவாகக் கிளப்பாத வேறு மாத்திரை எழுதினார். வாரா வாரம் வரச் சொன்னார். கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றார்.

"இளைக்க என்ன பண்ணணும் டாக்டர்?" என்றாள் அக்கா.

"முதல்ல தூங்குங்க. மூணு வேளை சாப்பிடுங்க. பட்டினி வேண்டாம்."

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு அது ரெண்டையும் பண்ணினாலே பெரிய விஷயம்."

அக்காவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வரும் வழியெல்லாம், "இதுக்கா டாக்டருக்குப் படிச்சாங்க" என்று முணுமுணுத்தாள். எடை பார்த்தபோது மெஷினில் எண்பத்தாறு காட்டியதை மட்டும் மூன்று முறை சொன்னாள்.

பதினைந்து நாள் கழித்து வேலைக்குப் போனாள். திரும்பி வந்த கோட்டுகளில் பாதி அப்போதும் பிரிக்கப்படாமல் இருந்தன. பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒன்றேகால் இஞ்சு உள்ளே தள்ளி மறுபடி தைக்க வேண்டும். அக்காவும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பிரித்தாள். ஒரு நாளைக்கு இருபது கோட்டு. மாஸ்டரோடு பேசவில்லை. அவர் கத்தரிக்கோலை எடுக்க வந்தால் இவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள்.

மீடியம் வேலை போனது. முதலாளியம்மா துணி மாட்டிப் பார்க்கிற ஒரு பொம்மை வாங்கிப் பலகைமேல் நிறுத்தியிருந்தார். வேலை போனதை யாரும் அக்கா காதில் போட வேண்டியிருக்கவில்லை; கதவைத் திறந்ததும் பொம்மையே கண்முன்னால் நின்றது. ஓவர்லாக் அம்மா அதன் தலையில் ஒரு பையைக் கவிழ்த்து வைத்திருந்தார். "மொட்டைத் தலையைப் பார்த்தா எனக்கு நூல் அறுந்துபோகுது" என்று காரணம் சொன்னார்.

இரண்டு வாரத்தில் முதலாளியம்மா மறுபடி கூப்பிட்டார். இந்தமுறை மாஸ்டரும் உள்ளே இருந்தார். யோசனை மாஸ்டருடையது என்று பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்தது.

"பெரிய சைஸ் கோட்டு போட்டுக்கிறவங்க ரொம்ப நாளா குறை சொல்லிக்கிட்டே இருக்காங்க," என்றார் முதலாளியம்மா. "தோள் தொங்குதாம், கைமேல பிடிக்குதாம். நாம மீடியத்தைக் கணக்குப் போட்டு விரிக்கிறோமே தவிர, எக்ஸெல் சைஸை யார்மேலயும் போட்டுப் பார்த்ததே இல்லை. நீ நின்னா அதுக்கும் கையெழுத்து வரும். அதே பலகை, அதே வேலை. என்ன சொல்றே?"

நல்ல வேலை. அவளுக்குத் தெரிந்த வேலை. போடுகிறவர்களுக்கும் நல்லது. இதெல்லாம் அவளுக்குத் தோன்றியது என்று பிறகு சொன்னாள்.

"எவ்வளவு நாளைக்கும்மா?"

"எவ்வளவு நாளைக்குன்னா? நீ இருக்கிறவரைக்கும்."

"நான் இளைச்சுட்டா?"

முதலாளியம்மா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

"அப்போ என்னை இளைக்காம இருக்கச் சொல்லுவீங்க" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. "பதிமூணு வருஷம் ஏறாம இருக்கணும்னு நின்னேன். இனிமே இறங்காம இருக்கணும்னு நிக்க என்னால முடியாதும்மா. ஏறட்டும், இறங்கட்டும். அதுல கம்பெனிக்கு வேலை வேண்டாம். செக்கிங் மேஜையில ஒரு இடம் இருந்தா கொடுங்க."

"செக்கிங் நாளெல்லாம் உக்காந்த வேலை. இந்த மரியாதை அங்கே இருக்காது."

"தெரியும்மா. வேற யாரையாவது எக்ஸெல்லுக்கு நிக்க வையுங்க. ஆனா மாசா மாசம் ஆளை மாத்துங்க. ஒரே ஆளை நிக்க வைக்காதீங்க."

வெளியே வந்ததும் மாஸ்டர், "நான் உனக்கு நல்லது பண்ணலாம்னுதான்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் மாஸ்டர். அதனாலதான் இன்னும் கோபம் போகலை" என்றாள். ஒரு மாதம் கழித்து அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

இப்போது செக்கிங் மேஜையில் இருக்கிறாள். தையல் விட்டுப்போன இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவள் பட்டப்பெயர் தெரியாது. அது நல்லதா என்று கேட்டால், சில நாள் நல்லது என்கிறாள். சில நாள் அந்த அறைக் கதவைத் தாண்டிப் போகும்போது கால் பின்னுகிறது என்கிறாள்.

எடை பெரிதாக இறங்கவில்லை. புது மாத்திரையில் பசி அடங்கியிருக்கிறது. ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று நாள் ரொட்டி ஜெயிக்கிறது. அந்த நாட்களில் என்னைக் கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு பாக்கெட்" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறாள். நானும், "சரி, மாத்திரை போட்டியா?" என்று கேட்கிறேன். இளைத்திருக்கிறாயா என்று நான் பார்ப்பதில்லை. அவளும் கேட்பதில்லை.

காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நான்தான் கூடப் போகிறேன். நேற்று தெருமுனைவரைகூடப் போகவில்லை, மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு முடியலடி."

"திரும்பிடலாமா?"

"இரு. திரும்பவும் முடியலை."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்க வேண்டும் என்று சொல்லும்வரை அங்கேயே இருந்தோம். பிறகு அவள் எழுந்து, வீட்டுப் பக்கம் நடந்தாள்.